தீவுக்குப் போக எந்த மாதம் நல்லது? பனியன் கம்பெனி காலண்டரும் கடல் காலண்டரும்!

தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள்களில் திருப்பூர் முழுக்க இரண்டே கேள்விகள்தான் ஓடும். ‘போனஸ் எவ்வளவுங்க?’, ‘லீவு எத்தனை நாளுங்க?’ கட்டிங் டேபிள் முதல் பேக்கிங் செக்‌ஷன் வரை, டீக்கடை பெஞ்ச் முதல் பழைய பஸ் ஸ்டாண்ட் வரை பேச்சு இதுதான். ஆண்டு முழுவதும் ஞாயிறு ஒரு நாள்தான் மூச்சு விட நேரம். ஷிப்மென்ட் நெருக்கினால் அதுவும் கிடையாது. கையில் மொத்தமாகப் பணமும், கண்ணெதிரே ஒரு வாரத்துக்கு மேல் லீவும் சேர்ந்து வருவது தீபாவளிக்கு மட்டும்தான்.

அப்போதுதான் வீட்டில் குழந்தைகள் கேட்பார்கள். ‘ராமேஸ்வரம் போகலாமா? பாம்பன் பாலத்தைப் பார்க்கலாமா?’ கொஞ்சம் வசதியான வீடுகளில் அந்தமான், இலங்கை, மாலத்தீவு வரை பேச்சு போகும். கேள்வி நியாயமானது. கடலே இல்லாத ஊரில் வளரும் பிள்ளைகளுக்குத் தீவு என்றால் தனி ஆசை.

சிக்கல் என்னவென்றால், திருப்பூருக்கு லீவு கிடைக்கும் நேரமும் கடல் அமைதியாக இருக்கும் நேரமும் ஒத்துவருவதே இல்லை. கம்பெனி பூட்டும் வாரம்தான் வங்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும் காலம். பல மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு போய், லாட்ஜ் அறையில் மழையைப் பார்த்துக்கொண்டு திரும்பி வருகிற குடும்பங்கள் உண்டு. அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. எனவே, எந்தத் தீவு என்று முடிவெடுக்கும் முன் எந்த மாதம் என்று முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.

காற்றாலையைப் பார்த்தால் கடல் தெரியும்

திருப்பூர் மழை மறைவுப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடும்; பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் தாராளமாக வரும். அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தக் காற்றாலைகளே போதும். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை அவை ஓயாமல் சுற்றும். அது தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் அரபிக் கடல், லட்சத்தீவு, மன்னார் வளைகுடா, இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகள் எல்லாம் கொந்தளிப்பாக இருக்கும். அந்தமானிலும் அது நல்ல மழைக்காலம்.

காற்றாலைகள் ஓய்ந்து, கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை வருகிறது என்று பொருள். தமிழ்நாட்டில் இது வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20-ஐ ஒட்டி. நவம்பரில் உச்சம், டிசம்பரில் புயல் பயம், ஜனவரி பொங்கல் சமயத்தில் விடைபெறும். இந்தக் காலத்தில் பாக் நீரிணை, வங்கக் கடல், இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகள் மோசமாக இருக்கும்.

இப்போது தீபாவளி தேதிகளைப் பார்க்கலாம். 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8. மூன்றுமே மழையின் வாசலிலோ நடு வீட்டிலோ விழுகின்றன. தீபாவளி எவ்வளவு தள்ளிப் போகிறதோ, மழைக்கு அவ்வளவு நெருக்கம்.

இரண்டு பருவமழைகளுக்கும் நடுவே ஓர் அமைதிக் காலம் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்கள். அதாவது பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடு வரை. கிழக்கே, மேற்கே என்று பார்க்காமல் எந்தத் தீவுக்கும் நம்பிக்கையோடு கிளம்பக்கூடிய இரண்டு மாதங்கள் இவைதான். ஆனால், அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை. கம்பெனியில் ஐரோப்பிய, அமெரிக்கக் கோடைக்கால ஆர்டர்களின் அவசரம். வெளிநாட்டுக்காரர்கள் கடற்கரையில் போட்டுக்கொள்ளும் டி-ஷர்ட்டைத் தைக்கும் கைகளுக்குக் கடல் பார்க்க நேரமில்லை என்பதுதான் இந்த ஊரின் விசித்திரம்.

ராமேஸ்வரம்: ஒரு தீவு, இரண்டு கடல்

திருப்பூர்க் குடும்பங்களுக்கு முதல் தீவு ராமேஸ்வரம்தான். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி வழியாகச் சாலையில் சுமார் 350 கிலோமீட்டர். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, இரவு வண்டி ஏறினால் ஞாயிறு விடியலில் பாம்பன். கோவை - ராமேஸ்வரம் வாராந்திர எக்ஸ்பிரஸும் திருப்பூர் வழியாகத்தான் போகிறது. 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ரயில்கள் தீவுக்குள் போகாமல் இருந்தன. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டதும் ரயில் மீண்டும் கடலைத் தாண்டத் தொடங்கியது. சிறிய கப்பல்கள் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழிவிடும் செங்குத்துத் தூக்குப் பாலம் இது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டவே ரயிலில் போகலாம். சாலையில் போகிறவர்களும் 1988-ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி பாலத்தின் மேலிருந்து இதைப் பக்கவாட்டில் பார்க்க முடியும்.

இந்தத் தீவின் தனித்தன்மை, இருபுறமும் இரண்டு குணமுள்ள கடல். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி போகும் சாலையில் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும், மறுபக்கம் குளம்போல் கிடக்கும். அலையடிப்பதை ‘ஆண் கடல்’ என்றும், அமைதியானதை ‘பெண் கடல்’ என்றும் அங்கே சொல்வார்கள். பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் குணம் மாதத்துக்கு மாதம் மாறும் என்பது. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை மன்னார் வளைகுடா சீறும். பாக் நீரிணை பக்கம் சாதுவாக இருக்கும். வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழ். அக்னி தீர்த்தப் பக்கம் கலங்கி அலையடிக்கும். தெற்குக் கரை சற்று அடங்கும்.

எனவே, ராமேஸ்வரத்துக்கு எந்த மாதம் போனாலும் ஒரு பக்கமாவது கடல் முகம் கொடுக்கும். எந்தப் பக்கம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும். பாம்பன் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை நடத்தும் படகுச் சவாரி மன்னார் வளைகுடா பக்கம். காற்று பலமானால் நிறுத்திவிடுவார்கள். ஆடி மாதம் குருசடையை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம் வரலாம். அதே குந்துகாலில்தான் 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பிக் கரையிறங்கினார். அந்த நினைவில்லத்தைப் பார்க்கக் காற்றும் மழையும் தடையில்லை.

மாசி, பங்குனியில் போனால் இன்னும் சில பரிசுகள் கூடுதலாகக் கிடைக்கும். தனுஷ்கோடிச் சதுப்பில் பூநாரைகள் நிற்பது குளிர்காலம் தொடங்கி மார்ச் வரை. 2025-ல் அந்த இடம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆமைகள் முட்டையிடுவதும் அந்த மாதங்களில்தான். வனத்துறை பொரிப்பகங்களில் முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சி அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும்.

கோயிலுக்காகப் போகிறவர்கள் தவிர்க்கவேண்டிய நாள்களும் உண்டு. ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாள்களிலும் தீவு தாங்காத கூட்டம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவேண்டியவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். சுற்றிப் பார்க்கும் ஆசையில் கைக்குழந்தையோடு போகிறவர்கள் முன்னும் பின்னும் மூன்று நாள் தள்ளிப் போகலாம். அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனமும் இருபத்திரண்டு தீர்த்த நீராடலும் நிம்மதியாகக் கிடைக்கும்.

மீனுக்காகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப் படகு மீன் மட்டும்தான் கிடைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

தீபாவளி லீவில்தான் போக முடியும் என்றால்?

திருப்பூரில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். அதிலும் ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை, தேனி மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் தீபாவளிக்கு எப்படியும் ஊருக்குப் போவார்கள். அங்கிருந்து ராமேஸ்வரம் பக்கம் என்பதால் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வருவது வழக்கம். போகக் கூடாது என்பதில்லை. கணக்குப் போட்டுப் போக வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தனுஷ்கோடியே சாட்சி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில், தபால் நிலையம், ரயில் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று வாழ்ந்துகொண்டிருந்த ஓர் ஊர் அழிந்தது. பாம்பனில் இருந்து பயணிகளோடு வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. அன்று ராமேஸ்வரத்தில் தங்கியிருந்தவர்களில் நடிகர் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் உண்டு. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடிந்த தேவாலயச் சுவர் அந்த இரவின் மிச்சம். அன்றைய நாளோடு ஒப்பிட்டால் இன்று வானிலை எச்சரிக்கை பல நாள்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. அதைக் காது கொடுத்துக் கேட்பது மட்டும்தான் பயணிகளின் வேலை.

செய்தியில் ‘பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று சொன்னால், தொலைவில் எங்கோ சின்னம் உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 3-ம் எண் என்றால் துறைமுகப் பகுதியிலேயே காற்றும் மழையும் வரும். அதற்கு மேல் போனால் பயணத்தை ஒத்திவைப்பதே சரி. பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட மாட்டார்கள். புதிய பாலத்திலும் காற்றின் வேகத்தைப் பார்த்துத்தான் ரயில் போகும். எனவே, தீபாவளி லீவில் ரயிலில் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைக் கம்பெனி திறக்கும் முதல் நாளுக்கு முந்தைய இரவு என்று நெருக்கிப் போடாமல் இரண்டு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, லீவின் எந்தப் பகுதியில் போவது என்பது. தீபாவளிக்கு மறுநாளில் தொடங்கி மூன்று நாள் எங்கும் கூட்டம். லீவின் கடைசி நாள்களில் கூட்டம் குறையும். தங்கும் அறைகளுக்கும் அடித்துப் பிடிக்க வேண்டியதில்லை. தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டென்றால் மழை இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது. நவம்பரில் வரும் ஆண்டென்றால் ராமேஸ்வரத்தைத் தை, மாசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, போனஸ் பணத்தில் ஒரு பங்கை அதற்கென்று தனியாக எடுத்துவைப்பது நல்லது.

பொங்கல் லீவில் அந்தமான்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தமானுக்குப் பொற்காலம். வானம் தெளிவு, கடல் கண்ணாடி. பொங்கல் லீவோடு ஞாயிற்றையும் சேர்த்தால் ஐந்து நாள் கிடைக்கும். அந்தமானுக்கு அது குறைந்தபட்சத் தேவை. சென்னை போய் அங்கிருந்து விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரம் அளவில் ஸ்ரீவிஜயபுரம். போர்ட் பிளேரின் புதிய பெயர் இது. 2024 செப்டம்பரில் மாற்றப்பட்டது. ஹேவ்லாக் தீவு 2018 டிசம்பர் முதல் ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷாகீத் தீவு. டிக்கெட் எடுக்கும்போது பெயர்க் குழப்பம் வராமல் இருக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையிலிருந்து கப்பலும் உண்டு. ஆனால், ஒரு வழிக்கே மூன்று நாள் அளவுக்கு ஆகும். பொங்கல் லீவுக்குக் கட்டுப்படியாகாது.

அந்தமானில் எல்லாமே படகை நம்பித்தான். ஸ்ரீவிஜயபுரத்திலிருந்து ஸ்வராஜ் தீவுக்குப் போவதும் வருவதும் படகில்தான். கடல் மோசமானால் படகு நிற்கும்; படகு நின்றால் விமானம் போய்விடும். 2016 டிசம்பர் தொடக்கத்தில், பின்னர் ‘வர்தா’ புயலாக மாறிச் சென்னையைத் தாக்கிய சின்னம் அந்தமான் அருகே இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. நவம்பர், டிசம்பர் மாத அந்தமான் பேக்கேஜ் மலிவாகக் கிடைத்தால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

மே மாதப் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் முதல் பத்து நாளுக்குள் போய் வந்துவிடலாம். நாட்டிலேயே தென்மேற்குப் பருவமழை முதலில் தொடும் இடம் அந்தமான் பகுதிதான். வழக்கமாக மே மூன்றாவது வாரம். 2025-ல் மே 13-ம் தேதியே வந்துவிட்டது.

எந்த மாதம் போனாலும் முதல் படகு, கடைசித் தீவு என்று திட்டமிடாமல், வெளித்தீவுகளை முதலில் முடித்துக்கொண்டு விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளை ஸ்ரீவிஜயபுரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். செல்லுலார் சிறை அங்கேதானே இருக்கிறது. இன்னொன்று, அங்கே மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். சூரியன் நமக்கு முன்பே உதித்து முன்பே மறையும் கிழக்குக் கோடி அது. காலை ஒன்பது மணிக்கு மெதுவாகக் கிளம்பினால் பாதி நாள் போய்விட்டது என்று அர்த்தம்.

மே, ஆடி மாதங்களில் இலங்கை

இலங்கைக்கு ‘எந்த மாதம்’ என்று கேட்டால் பதில், ‘எந்தக் கரை’ என்பதுதான். மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, பெந்தோட்டை, காலி பக்கம் மழையும் அலையும். அதே மாதங்களில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா கடற்கரைகள் அருமையாக இருக்கும். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை கதை மாறும். தெற்கும் மேற்கும் நன்றாக இருக்கும், கிழக்கு நனையும். திமிங்கிலம் பார்ப்பதுகூட இப்படித்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ. மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்கே திருகோணமலை.

பள்ளி விடுமுறையில் போகும் திருப்பூர்க் குடும்பங்களுக்குக் கோணேஸ்வரமும் நிலாவெளியும் பொருத்தம். ஆடி, ஆவணியில் போனால் யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கவும் நெடுந்தீவைச் சுற்றிப் பார்க்கவும் அது நல்ல காலம்.

நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஆனால், வடகிழக்குப் பருவமழை தீவிரமானதும் இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது. மழைக்காலம் கடந்த பிறகே மீண்டும் தொடங்குகிறது. தீபாவளி லீவுக்கு இதை நம்பிப் பாஸ்போர்ட்டை எடுத்துவைப்பது வீண். 2025 நவம்பர் கடைசியில் ‘டிட்வா’ புயல் இலங்கையில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து எத்தனையோ உயிர்களைப் பறித்தது. அந்த மாதத்தின் குணம் அது.

மேற்கே இரண்டு வாசல்கள்

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கிருந்துதான் லட்சத்தீவுக்குக் கப்பலும் அகத்திக்கு விமானமும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை கடல் மோசம். அதனால், பயணம் அக்டோபர் முதல் மே தொடக்கம் வரைதான். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடியும் சமயத்தில் சீசன் அப்போதுதான் தொடங்கியிருக்கும். தீபாவளி லீவிலும் வங்கக் கடல் தீவுகளைவிட இங்கே வாய்ப்பு அதிகம். ஆனால், இதையும் கண்மூடி நம்ப முடியாது. 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரியைச் சிதைத்த ‘ஒக்கி’ அடுத்துப் போனது லட்சத்தீவுக்குத்தான்.

லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய் வந்த பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது, அறைகளோ குறைவு. எனவே, மாதக்கணக்கில் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். ‘லீவு உறுதியானதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இங்கே நடக்காது.

மாலத்தீவு புதுமணத் தம்பதிகளின் கனவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில், விலையும் உச்சம். மே முதல் அக்டோபர் வரை மழை, விலை இறங்கும். தை முகூர்த்தத்தில் கல்யாணமானவர்களுக்கு மாசி பொருத்தம். ஆவணி முகூர்த்தக்காரர்கள் மழைக்கும் சேர்த்துத்தான் மனதைத் தயார் செய்ய வேண்டும்.

ஒரே ஞாயிறுதான் கிடைக்குமா?

அப்படியானாலும் ஒரு தீவு இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம்! திருப்பூரிலிருந்து காலையில் கிளம்பி இரவே திரும்பலாம். ஆனால், இதற்கும் மாதம் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12; மூடும் நாள் ஜனவரி 28. அணையில் நீர் இருந்து, திறப்பும் நேரத்துக்கு நடந்தால் ஆடிப்பெருக்கு தொடங்கித் தை வரை அம்மா மண்டபத்தில் ஆறு ஓடும். மாசி முதல் வைகாசி வரை பெரும்பாலும் மணல்தான். கோபுரம் மட்டும் பார்க்க எந்த மாதமும் போகலாம். தீவு பார்க்க நீர் உள்ளபோது போக வேண்டும். அணை நிரம்பி உபரி நீர் வரும் நாள்களில் மட்டும் படித்துறையில் இறங்காமல் மேலே நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

கோடையிலும் கவனம்

மழை இல்லை, புயல் இல்லை என்றால் கடல் பத்திரம் என்று அர்த்தமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ‘கள்ளக்கடல்’ என்றொரு நிகழ்வு உண்டு. இந்தியப் பெருங்கடலில் வெகுதூரத்தில் வீசும் காற்றால் எழும் பேரலை, நாள்கள் கழித்து எந்த அறிகுறியும் இல்லாமல் நம் கரையில் ஏறும். வானம் நீலமாகவே இருக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இப்படி வந்த அலையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. வானிலை மைய அறிவிப்போடு இதையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எந்த மாதமானாலும் குளிக்க இறங்கக் கூடாது. இரண்டு கடலும் மோதும் இடம் அது. நீச்சல் தெரிந்தவர்களையும் நீரோட்டம் இழுத்துவிடும். மாலைக்குப் பிறகு அங்கே அனுமதியும் இல்லை.

ஷிப்ட் கணக்கில் ஒரு தீவு

இனி முக்கியமான கணக்கு. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனியில் வேலை. மாசியில் ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பி, செவ்வாய் இரவு திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் இரண்டிரண்டு நாள் கூலி போகும். பீஸ் ரேட் என்றால் அன்றைய உருப்படிகள் போகும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளி போகும். இந்த இழப்பை ஒரு காகிதத்தில் எழுத வேண்டும்.

பக்கத்திலேயே தீபாவளி லீவில் போனால் ஆகும் கூடுதல் செலவை எழுத வேண்டும். கூட்ட நேர அறை வாடகை, ஆம்னி பஸ் கட்டணம், மழையில் படகு நின்றால் இன்னொரு நாள் தங்கும் செலவு. பல குடும்பங்களுக்கு இரண்டு தொகைகளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். ஒன்றில் கடல் பார்த்த திருப்தி உண்டு. மற்றதில் அது நிச்சயமில்லை.

ஆனால், எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. லைனில் ஒருவர் குறைந்தால் மொத்த லைனும் தடுமாறும் என்பதால் நடு சீசனில் லீவு கேட்கவே தயங்குவார்கள். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு சீசன் ஷிப்மென்ட் முடிந்து, அடுத்த சீசன் சாம்பிள் ஓகே ஆகும் இடைவெளி எல்லாக் கம்பெனிகளிலும் வரும். சூப்பர்வைசருக்கு அது எப்போது என்று தெரியும். ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்தால் அந்த இடைவெளியில் லீவு கிடைப்பது எளிது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போக இப்படித்தான் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

அதுவும் முடியாதவர்களுக்கு ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும். பரீட்சை முடிந்திருக்கும், மே தின லீவும் சேரும், இரண்டு பருவமழையும் இருக்காது. வெயில் உண்டுதான். ஆனால், கடற்காற்று உள்ள தீவில் அது திருப்பூர் வெயிலைவிடத் தாங்கக்கூடியது. பகல் பதினொன்று முதல் நான்கு வரை அறையிலோ கோயில் பிரகாரத்திலோ இருந்துவிட்டு, காலையும் மாலையும் கடலுக்குப் போனால் போதும்.

பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கம்

ராமேஸ்வரம்: மாசி, பங்குனி முதல் தேர்வு, மே முதல் வாரம் இரண்டாம் தேர்வு, அமாவாசைக் கூட்டமும் நவம்பர், டிசம்பரும் வேண்டாம்.

அந்தமான்: பொங்கல் முதல் ஏப்ரல் வரை; மே என்றால் முதல் பத்து நாள்.

இலங்கை: மே முதல் செப்டம்பர் வரை கிழக்கும் வடக்கும், டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை தெற்கும் மேற்கும்.

லட்சத்தீவு: அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை, அனுமதி முதலில்.

மாலத்தீவு: ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

ஸ்ரீரங்கம்: ஆடி முதல் தை வரை, ஆற்றில் நீர் உள்ள எந்த ஞாயிறும்.

புது வருடக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் பண்டிகை நாள்களையும் முகூர்த்த நாள்களையும் பார்ப்பதோடு, பிள்ளைகளை உட்காரவைத்து இந்த மாதங்களையும் ஒரு வட்டம் போட்டு வைக்கலாம். அப்போதே சீட்டுப் பணத்துக்கு ஒரு நோக்கம் வந்துவிடும். சூப்பர்வைசரிடம் எப்போது பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.